யாழ்ப்பாணத்தைப் பார்த்து வயிறெரியும் கிளிநொச்சித் தம்பிக்கு

கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் நின்றாராம். ஆரியகுளத்தைச் சுற்றிப் பின்னேரத்தில் சனம் காலாற நடக்கிறது. நூலக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. கோயில் வீதியில் மாநகர சபை பவுசர் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறது. "வயிறெரிந்துகொண்டே பஸ் ஏறினேன். இறங்கினால் டிப்போச் சந்தி. எங்களுக்கு ஏன் இதெல்லாம் இல்லை? ஒரு மேயரையாவது தரக்கூடாதா?" என்று முடித்து, இரண்டு சிரிப்புக்குறி போட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற கேள்வி இதுதான்: கிளிநொச்சி பிந்தி நிற்பது சபையின் சோம்பலாலா, காசில்லாததாலா, இல்லை, ஊர்க் காரியத்துக்கு ஊர் கூடுகிற பழக்கம் நமக்கே கிடையாதா?

நான் வன்னியில் உள்ளூராட்சிச் சேவையில் இருபத்தேழு ஆண்டு இருந்தவன். வருமானப் பரிசோதகராகத் தொடங்கிப் பிரதேச சபைச் செயலாளராக ஓய்வு பெற்றேன். ஆகையால் சட்டத்தைப் பற்றியும் காசைப் பற்றியும் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பழக்கம், மனப்பாங்கு என்று பேசத் தொடங்கும்போது அது ஓய்வூதியக்காரன் ஒருவனின் கணிப்பு மட்டுமே. பாதி விலைக்கு எடுங்கள்.

முதலில் மேயர் விசயம். கிளிநொச்சி ஒரு மாவட்டத்தின் தலைநகரம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது நகரமே இல்லை. மாவட்டத்தில் இருப்பது கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று மூன்று பிரதேச சபைகள். டிப்போச் சந்தியும் சந்தையும் கந்தசாமி கோயிலடியும் கரைச்சிப் பிரதேச சபைக்குள், சுற்றியுள்ள வயல் வெளிகளோடு சேர்ந்து கிடக்கின்றன. முல்லைத்தீவிலும் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று நான்கும் பிரதேச சபைகள்தான். வவுனியா நெடுங்காலம் நகர சபையாக இருந்து, 2025 தேர்தலோடு மாநகர சபையாகி முதல்வரையும், அதாவது மேயரையும், கண்டுவிட்டது. யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949 இல். ஆக, வவுனியாவை விட எழுபத்தாறு வருடம் முந்தி. கிளிநொச்சிக்குக் கிடைப்பது தவிசாளர். அவருக்கு அங்கி இல்லை, பொற்சங்கிலி இல்லை. அதற்காக வயிறெரியத் தேவையில்லை, தம்பி. வெயிலுக்கு அந்த அங்கி ஒத்துவராது.

பெயர்ப் பலகையை விட முக்கியமானது பின்னால் இருக்கிற கணக்குப் புத்தகம். ஒரு மாநகர சபை தன் எல்லைக்குள் உள்ள வீடு, கடை எல்லாவற்றுக்கும் சோலைவரி அறவிடலாம். பிரதேச சபை நினைத்த இடத்தில் நினைத்தபடி அதைச் செய்யமுடியாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி, அபிவிருத்தியடைந்த பிரதேசம் என்று பிரகடனப்படுத்தப்பட்ட துண்டுகளில் மட்டும் அந்த வரி. மற்றப்படி பயிர்செய்கிற காணிக்கு ஏக்கர் வரி. ஏக்கர் வரி எவ்வளவு என்று கேளாதீர்கள். நான் வருமானப் பரிசோதகராக இருந்த காலத்தில், ஒரு கமக்காரரிடம் அந்த வரியை வாங்க மோட்டார் சைக்கிளில் போய்வந்தால், எண்ணெய்க்காசு வரியை விடக் கூடியிருக்கும். மூன்று முறை போய், மூன்றாவது முறை இளநீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த வீடுகள் இருக்கின்றன.

இன்னொன்று, வெளியில் பலருக்குத் தெரியாதது. காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வை கடைசியில் அந்தந்தச் சபைக்கு வந்து சேரும். யாழ்ப்பாணத்தில் காணி என்றால் உறுதிக் காணி, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள சொந்தக் காணி. நல்லூர்ப் பக்கம் ஒரு பரப்புக் காணி விலைப்பட்டாலே சபைக்கு ஒரு தொகை. வன்னியில் பெருமளவு காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில், எங்கள் பேச்சில் பேர்மிற்றில், கொடுபட்டது. கிளிநொச்சி பிறந்ததே அப்படித்தான், 1930களின் குடியேற்றத் திட்டத்தில், யாழ்ப்பாணத்து நெரிசலையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்கவென்று. பேர்மிற் காணியை உறுதி முடித்து விற்க முடியாது. ஆனால் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது: ஒரு கொப்பித்தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்து வைத்து. அந்தக் கொப்பித்தாளில் சபைக்குச் சதமும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தெருவிளக்கில் ஒரு பங்கு, உண்மையில் உறுதிக்கும் பேர்மிற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர். பரப்பு அதைப்போல் இரண்டரை மடங்கு. குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரம் யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைக்குள் புகுந்து வெளியே வரும்போது பெட்டி நிறைந்துவிடும். எங்கள் சபையில் அதே பெட்டி நிறைய, ஒரு குளக்கட்டையும் இரண்டு காட்டுத் துண்டையும் தாண்டவேண்டும். சாரதி வழியில் யானைக்கு வழிவிட்டு நின்றதாகப் பதிவேட்டில் எழுதிய நாளும் உண்டு. கணக்காய்வாளர் அதற்கு விளக்கம் கேட்டார்.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. இதோடு நிறுத்தினால் "காசில்லை, ஆகவே இல்லை" என்று ஆகிவிடும். சபைக்காரருக்கு வாய்க்கு வசதியான பதில் அது. நானே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் நூலகத்தைப் பார்த்தும் வயிறெரிந்தீர்கள். அந்த நூலகத்தின் கதை சபையிலிருந்து தொடங்கவில்லை.

1933 இல் நீதிமன்றத்தில் வேலைசெய்த க. மு. செல்லப்பா என்பவர், தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊர்ப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து, 1934 ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் அதை நூலகமாகத் திறந்தார்கள். 844 புத்தகம், முப்பதளவில் பத்திரிகையும் சஞ்சிகையும். அவ்வளவுதான். நகர சபை பொறுப்பேற்றது அதற்குப் பிறகு. பெரிய கட்டடம் வேண்டும் என்றபோது களியாட்ட விழா நடத்திக் காசு சேர்த்தார்கள். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். நூலக அறிஞர் ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959 ஒக்ரோபரில் திறந்தது. 1981 இல் எரிந்தபோது போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள். எண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து தொண்ணூற்றேழாயிரத்துக்குப் போக நாற்பத்தேழு வருடம். நீங்கள் செருப்பைக் கழற்றிய படியில் அந்த நாற்பத்தேழு வருடமும், எரிந்த பிறகு மறுபடி கட்டின காலமும் சேர்ந்து கிடக்கின்றன. உங்களுக்கு வந்த மரியாதை அதற்குத்தான். வயிறெரிந்தது சரி, ஆனால் மேயரைப் பார்த்து எரிந்ததுதான் பிழை, செல்லப்பாவைப் பார்த்தல்லவா எரிந்திருக்கவேண்டும்.

என் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்லவேண்டும். நான் செயலாளராக இருந்த சபை ஒன்றில் ஒரு உப நூலகம் இருந்தது. காலை எட்டரைக்குத் திறந்து பின்னேரம் நாலே காலுக்குப் பூட்டுவோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் வயலில். வாசிக்க வருகிறவர், பிரதேச செயலகத்தில் வேலை முடியும்வரை நிழல் தேடுகிறவர்தான். மேசையில் கொழும்பிலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பிய தடித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம், பன்னிரண்டு பாகம், ஏழாம் பாகம் இல்லை. ஒரு பின்னேரம் வாய்க்கால் வேலை முடித்து வந்த பெடியன் ஒருவன் சேற்றுக் காலோடு வாசலில் நின்று, "ஐயா, ஏழு மணிவரை திறந்திருந்தால் நாங்களும் வருவம்" என்றான். எனக்குச் சரியாகப் பட்டது. இரண்டு மாதம் ஏழு மணிவரை திறந்தோம். ஆறு மணிக்கு மேல் பதினைந்து இருபது பேர் வருவார்கள். வீரகேசரியின் நடுத்தாளை ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் உருவுவார். கோழிக்கூட்டுக்குள் நிற்கிற மாதிரிச் சத்தம். பிறகு மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு எந்தத் தலைப்பில் அனுமதி என்று கணக்காய்வு வினா வந்தது. பதில் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. மறுபடி நாலே கால். அந்தப் பெடியனுக்கு நான் நேரில் சொல்லவில்லை. கதவில் ஒட்டிவிட்டுப் போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அதற்குக் காசு காரணமில்லை. அந்தப் பதினைந்து பேரையும் சபைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் தலைப்பைத் தேடித் தந்திருப்பார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்குக் கண்ணூறு கழிக்க இரண்டு விசயம். நகரம் பெருக்கிய குப்பை போய்ச் சேர்கிற கல்லுண்டாய் வெளிப் பக்கத்துச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு மாநகர சபைமேல் பொறாமை இருக்காது. மற்றது, 2021 ஏப்ரலில் அன்றைய மாநகர முதல்வர், தெருவில் குப்பை போடுகிறவர்களையும் துப்புகிறவர்களையும் பிடித்துத் தண்டம் அறவிட ஐந்து பேருக்கு நீல நிறச் சீருடை கொடுத்து இறக்கினார். அந்தச் சீருடை புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்தது என்று பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு அவரைக் கைது செய்தது. பிறகு பிணையில் வந்தார். வெற்றிலைத் துப்பலைத் துடைக்கப் போய் இவ்வளவு. மேயர் வேண்டும் என்று கேட்பவர் இதையும் யோசித்துக் கேளுங்கள்.

நல்லூர் விசயத்தில் மட்டும் நானும் உங்கள் கட்சி. கொடியேற்றத்துக்கு முன் கோயிலிலிருந்து மாநகர சபைக்குக் காளாஞ்சி, அதாவது கோயில் வெற்றிலைத் தட்டு, கொண்டுபோய்க் கொடுப்பார்கள். திருவிழா வருகிறது, வீதி உங்கள் பொறுப்பு என்று ஒரு தட்டில் வைத்துச் சொல்கிற முறை. அதன்பிறகு இருபத்தைந்து நாளும் வீதி மறித்தல், மணல் பரப்பல், வீதியில் உருண்டு பிரதட்டை அடிப்பவர் உடம்பு சுடாமல் தண்ணீர் தெளித்தல் எல்லாம் சபை வேலை. வெற்றிலை வாங்கிக்கொண்ட பிறகு வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது. சுற்றறிக்கையால் ஆகாததை அந்தத் தட்டு செய்கிறது. என் சேவைக்காலத்தில் எனக்கு எத்தனையோ கடிதம் வந்தது, ஒரு காளாஞ்சி வரவில்லை.

ஆனால் கடைசிக் கேள்விக்கு, அதாவது ஊர் கூடுகிற பழக்கம் நமக்கு இல்லையா என்பதற்கு, எனக்கு வேறு பதில் இருக்கிறது. நீங்கள் சந்தியில் தேடியிருக்கிறீர்கள். வன்னியில் அது குளக்கட்டில் இருக்கிறது.

இரணைமடுச் சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது கோடை நெல் விதைப்புக்கு முந்திய கூட்டத்துக்கு, எப்போதாவது போயிருக்கிறீர்களா? வடக்கின் மிகப் பெரிய குளம் அது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் அதன் கீழே வயல். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்துத் தண்ணீரை நம்பியது, எல்லாருக்கும் காணாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் கூட்டம். மேசையில் மாவட்டச் செயலாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல சேவை ஆட்களும். எதிரே பிளாஸ்ரிக் கதிரைகளில் கமக்காரர். பொறியியலாளர் குளத்தில் இத்தனை அடி தண்ணீர், இத்தனை ஏக்கருக்குத்தான் காணும் என்பார். அதிலிருந்து மூன்று மணித்தியாலம். யாருக்கு எத்தனை பங்கு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள், விதைப்புக்குக் கடைசித் திகதி எது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது. மாட்டுத் திகதியில்தான் பெரிய சண்டை வரும். மாடு வைத்திருப்பவரும் வயல் வைத்திருப்பவரும் பல நேரம் அண்ணன் தம்பி.

நான் பார்த்த ஒரு கூட்டத்தில், வாய்க்கால் கடைசிப் பக்கத்து முதியவர் ஒருவர் எழும்பினார். தோளில் துவாய், கையில் தண்ணீர்ப் போத்தல். ஒன்றும் பேசாமல் முன்வரிசைக்காரரிடம் போத்தலைக் கொடுத்து, "குடிச்சிட்டுப் பின்னால குடு" என்றார். போத்தல் வரிசை வரிசையாகப் போய் அவருடைய கதிரைக்குத் திரும்பி வந்தபோது அடியில் ஒரு மிடறு. அதைத் தூக்கிப் பொறியியலாளருக்குக் காட்டிவிட்டு இருந்துவிட்டார். மண்டபம் சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. அந்த வருடம் கடைசிப் பக்கத்துக்கு முதலில் தண்ணீர் விடுவதென்று முடிவாகியது.

இது வெறும் அரட்டை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் கூட்டத்தின் தீர்மானங்கள் கட்டுப்படுத்தும். தவறினால் வழக்கு. சாதாரண ஆள் ஒருவர் கையுயர்த்தி முடிவெடுத்து, அடுத்த வாரமே அது தன் வயல் வரம்பில் நடைமுறைக்கு வருகிற ஏற்பாடு யாழ்ப்பாண நகரத்தில் எங்கே இருக்கிறது? அங்கே தேர்தலில் புள்ளடி போட்டுவிட்டு, சபை மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். சின்னக் குளங்களுக்குக் கமக்கார அமைப்பு, அதற்கு மேல் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண சகாய நிதி. ஒரு செத்தவீட்டுக்குக் கதிரையும் கொட்டகையும் அரை மணித்தியாலத்தில் வந்து இறங்குவதை நீங்கள் கிளிநொச்சியில் பார்த்திருப்பீர்கள். பார்த்துப் பழகியதால் அதைப் பொதுவாழ்வு என்று எண்ணத் தோன்றியிருக்காது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து ஊரே வெள்ளத்தில் நின்றபோது, முதல் சோற்றுப் பானைகளை ஏற்றியவர்கள் இந்தச் சங்கக்காரர்தான். உத்தியோகபூர்வ உதவி பின்னால் வந்தது.

வயிறெரிவது ஒருவழிப் பாதையுமில்லை. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை, பெரிய குளம் இல்லை. கிணற்றை நம்பிய ஊர். இரணைமடுத் தண்ணீரைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுபோகத்துக்கே காணாத தண்ணீர் என்றார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். கமக்காரர் சொன்னது முழுக்க நியாயமா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. குடிதண்ணீர் கேட்பவனுக்கு இல்லை என்பது லேசான காரியமில்லை. ஆனால் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பழகியவர்கள் ஒரு பெரிய திட்டத்தையே திசைமாற்றினார்கள் என்பது நடந்த கதை.

சந்தி மட்டும் ஏன் இப்படிப் புழுதியாகக் கிடக்கிறது என்று விடமாட்டீர்கள். போர் என்பது சுலபமான பதில். கிளிநொச்சி 1996 இலும் 2008 கடைசியிலும் முற்றாக வெறுமையாகி, 2009 க்குப் பிறகு அத்திவாரத்திலிருந்து எழும்பிய ஊர். சரிந்த தண்ணீர்த் தாங்கி பல வருடம் வீதியோரம் கிடந்து, வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு நூலகம், எங்களுக்கு அது. ஆனால் யாழ்ப்பாணமும் 1995 ஒக்ரோபர் கடைசியில் ஒரே இரவில் காலியான ஊர்தானே. ஆகவே போர் முழுப் பதில் இல்லை. என் ஊகம் இது, ஊகமாகவே எடுங்கள்: அவர்கள் திரும்பி வந்தது பாட்டன் பெயரில் உறுதி இருக்கிற வளவுக்கு. நகரத்தில் நாலு தலைமுறை இருக்கிறவன் தெருமுனை மரத்துக்கும் சொந்தம் கொண்டாடுவான். கிளிநொச்சி நகரத்தில் கடை வைத்திருப்பவர் பலருக்கு வீடு வட்டக்கச்சியில், உருத்திரபுரத்தில், அக்கராயனில். அவர்களுக்கு ஊர் என்றால் அது. டிப்போச் சந்தி வேலைக்கு வந்துபோகிற இடம். வந்துபோகிற இடத்தில் யாரும் மரம் நடுவதில்லை.

சபையிடம் என்ன கேட்கலாம் என்று கேட்டால், மேயரைக் கேளாதீர்கள். நகர சபையாகத் தரமுயர்த்துவது கொழும்பில் வர்த்தமானி வரவேண்டிய காரியம், உங்கள் காலம் போய்விடும். நூலகம் ஏழு மணிவரை திறக்கட்டும் என்று கேளுங்கள். மாதாந்தச் சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம். வரவுசெலவுத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், பெரும்பாலும் ஒருவரும் வருவதில்லை. என் காலத்தில் அந்தக் கொப்பியில் ஒரு வருடம் பல்லி முட்டை இருந்தது. போய்ப் புரட்டுங்கள், மேலதிக நேரத்துக்கு ஒரு தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உங்கள் வட்டார உறுப்பினரிடம் சொல்லிப் போடச் செய்யுங்கள். பதினைந்து பேர் கையெழுத்து வைத்தால் போதும். தனியாகப் போனால் என்னைப்போல் ஒருவன் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவான்.

சிறுபோகக் கூட்டம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வைப்பார்கள். வயல் இல்லாவிட்டாலும் பின்னால் நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சிநேகிதர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர்ப் போத்தலை மறக்கவேண்டாம்.